விண்டோஸ் 11-ல் பழைய தமிழ் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகலையா? 1603, 1618, 1633... எரர் நம்பர் சொல்வது என்ன?

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன டிடிபி கடை இருப்பதாக நினைச்சுக்கோங்க. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கச்சேரி அழைப்பிதழ் என இருபது வருட வேலையும் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கு வயசாகிவிட்டதால், ரிச்சி தெருவில் இருந்து விண்டோஸ் 11 போட்ட புதுசு ஒன்று வந்து இறங்குகிறது. பழைய சிடியில் இருந்த தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரை பென் டிரைவில் ஏற்றி இன்ஸ்டால் செய்தால், பச்சைக் கோடு பாதி தூரம் ஓடி நின்றுவிடுகிறது. திரையில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் புரியாத ஒரு எண்.

அடுத்து பலரும் செய்வது என்ன? ஓகே-வை அழுத்திவிட்டு மறுபடி முயற்சி. அதுவும் ஆகலைன்னா ஆன்டிவைரஸை ஆஃப் செய்வது. அப்புறம், தேடினால் கிடைக்கும் ஏதோ ஒரு 'கிராக்' ஃபைல். சின்னப் பிரச்னை பெரிய பிரச்னை ஆவது இங்கேதான்.

அந்தப் பெட்டியில் வரும் எண்ணே பாதி பதில். அதைப் படிக்கத் தெரிந்தால், எதைச் சரி செய்யணும், எதைச் சரி செய்யவே முடியாது என்பது தெரிந்துவிடும். அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று இருக்கிறது: காப்பாற்ற வேண்டியது அந்த சாஃப்ட்வேரையா, இல்லை அதில் செய்து வைத்த வேலையையா?

ஏன் இப்போ இது முக்கியம்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர் அதற்குப் பிறகும் ஓடும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் தானாக வராது. அதனால் வீடுகளும் சின்னக் கடைகளும் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டிய நிலை.

விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் ஆகியவை வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இது கிடையாது. எனவே பலருக்கு மாற்றம் என்றால் புது கம்ப்யூட்டர்தான். புது கம்ப்யூட்டர் என்றால், எல்லா சாஃப்ட்வேரையும் முதலில் இருந்து இன்ஸ்டால் செய்ய வேண்டும். இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருந்த பழைய செட்டப் ஃபைல் மக்கர் பண்ணுவது அப்போதுதான் தெரியவரும்.

16, 32, 64... இந்த 'பிட்' கணக்கு என்ன?

கம்ப்யூட்டரின் பிராசசர் ஒரே நேரத்தில் எவ்வளவு தகவலைக் கையாளும் என்பதை வைத்து வந்த தலைமுறைக் கணக்கு இது. 1990-களின் தொடக்கத்தில் வந்தவை பெரும்பாலும் 16-பிட் சாஃப்ட்வேர்கள். விண்டோஸ் 95-க்குப் பிறகு 32-பிட் பரவியது. இன்று எல்லாமே 64-பிட்.

இதில் ஒரு எளிய விதி உண்டு. 64-பிட் விண்டோஸில் 32-பிட் சாஃப்ட்வேர் பொதுவாக ஓடும். 16-பிட் சாஃப்ட்வேர் ஓடாது. விண்டோஸ் 10 வரை 32-பிட் பதிப்பும் இருந்தது. விண்டோஸ் 11-ல் 32-பிட் பதிப்பே கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சில பழைய தொகுப்புகளில் சாஃப்ட்வேர் 32-பிட்டாக இருந்தாலும், அதை இன்ஸ்டால் செய்யும் செட்டப் ஃபைல் மட்டும் 16-பிட்டாக இருக்கும். அப்போது வீடு நல்லா இருந்தும் வாசக்கதவு திறக்காத கதைதான். "இந்த ஆப் உங்கள் பிசி-யில் ஓடாது" என்ற அர்த்தத்தில் நீலப் பெட்டி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இந்த இடத்தில் நூறு முறை முயன்றாலும் பலன் இருக்காது.

உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகை என்று பார்க்க: செட்டிங்ஸ் போய் சிஸ்டம், அதில் அபவுட். அங்கே 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் இருக்கும்.

எந்த நம்பருக்கு என்ன அர்த்தம்?

விண்டோஸ் இன்ஸ்டாலர் வழியாக ஏறும் சாஃப்ட்வேர்கள் நின்றுபோகும்போது காட்டும் முக்கியமான எண்கள் இவை. ஓகே-வை அழுத்துவதற்கு முன் பெட்டியை மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

* 1618: வேறொரு இன்ஸ்டாலேஷன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னணியில் விண்டோஸ் அப்டேட் ஓடலாம். அது முடியும்வரை காத்திருந்து, ரீஸ்டார்ட் செய்து முயற்சிக்கலாம்.

* 1633: இந்த வகை பிராசசருக்கான பேக்கேஜ் இது இல்லை. 'பிட்' கணக்கு தப்பு. சரியான பதிப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

* 1638: இதே சாஃப்ட்வேரின் வேறு பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் பழையதை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு புதுசை ஏற்றலாம்.

* 1612: இன்ஸ்டால் செய்ய வேண்டிய மூல ஃபைல் கிடைக்கவில்லை. பென் டிரைவைக் கழற்றிவிட்டாலோ, முழு ஃபோல்டரையும் காப்பி செய்யாமல் செட்டப் ஃபைலை மட்டும் எடுத்து வந்தாலோ இது வரலாம்.

* 1619: பேக்கேஜைத் திறக்கவே முடியவில்லை. டவுன்லோடு பாதியில் நின்றிருக்கலாம். ஜிப் ஃபைலைப் பிரிக்காமல் உள்ளிருந்தே ஓட விட்டிருக்கலாம். மறுபடி டவுன்லோடு செய்து, பிரித்து, பிறகு ஓட விடுங்க.

* 1625: கம்ப்யூட்டரின் நிர்வாக விதி தடுக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் சிஸ்டம் அட்மினைத்தான் கேட்க வேண்டும்.

* 740: அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி தேவை. ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

* 112: டிஸ்கில் இடம் இல்லை.

* 3010: இது எரரே இல்லை. இன்ஸ்டால் ஆகிவிட்டது, ரீஸ்டார்ட் செய்தால் போதும் என்று அர்த்தம்.

எல்லாரையும் குழப்புவது 1603. "இன்ஸ்டால் செய்யும்போது பெரிய தவறு நேர்ந்தது" என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லாது. அதே சாஃப்ட்வேர் ஏற்கெனவே இருப்பது, இன்ஸ்டால் ஆகும் ஃபோல்டர் என்கிரிப்ட் செய்யப்பட்டிருப்பது, அந்த ஃபோல்டரில் எழுத 'சிஸ்டம்' கணக்குக்கு முழு அனுமதி இல்லாதது ஆகியவை மைக்ரோசாஃப்ட் குறிப்பிடும் காரணங்கள். இதற்கு மேல் விவரம் வேண்டும் என்றால் 'ஈவென்ட் வியூவர்' திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் என்று போனால், எம்எஸ்ஐ இன்ஸ்டாலர் பெயரில் பதிவான வரிகளில் நின்ற காரணம் இருக்கும்.

நம்பரே வரலையா? வரிசையா இதைப் பாருங்க

1. நிஜமான ரீஸ்டார்ட். 'ஷட் டவுன்' செய்து மறுபடி ஆன் செய்வதும் ரீஸ்டார்ட்டும் ஒன்றல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து அதையே திரும்ப ஏற்றும். முழுசாகப் புதிதாகத் தொடங்க 'ரீஸ்டார்ட்' பட்டனைத்தான் அழுத்த வேண்டும்.

2. சி டிரைவில் இடம். சாஃப்ட்வேரை வேறு டிரைவில் போட்டாலும், இன்ஸ்டால் ஆகும்போது தற்காலிக ஃபைல்கள் பொதுவாக சி டிரைவில்தான் விரியும். அங்கே தாராளமா இடம் இருக்கணும்.

3. டாட் நெட் ஃபிரேம்வொர்க் 3.5. பழைய சாஃப்ட்வேர்கள் பல இதை நம்பி எழுதப்பட்டவை. கன்ட்ரோல் பேனலில் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பகுதியில் இது இருந்தால் டிக் செய்து ஏற்றிக்கொள்ளலாம்.

4. காணாமல் போன டிஎல்எல். 'விசி ரன்டைம் 140' என்பது மாதிரி ஒரு டிஎல்எல் பெயரைச் சொல்லி "இது இல்லை" என்று வந்தால், மைக்ரோசாஃப்ட்டின் 'விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' தொகுப்பை அவர்கள் தளத்தில் இருந்தே இன்ஸ்டால் செய்யுங்க. அந்த ஒரு டிஎல்எல்-ஐ மட்டும் தனியாகத் தரும் தளங்கள் பக்கம் போக வேண்டாம்.

5. தமிழில் இருக்கும் யூசர் பெயர். கம்ப்யூட்டரை முதலில் செட் செய்யும்போது யூசர் பெயரைத் தமிழில் கொடுத்திருந்தால், யூனிகோடு தெரியாத பழைய செட்டப் ஃபைல்கள் அந்த ஃபோல்டர் பாதையைப் படிக்க முடியாமல் திணறலாம். ஆங்கிலப் பெயரில் இன்னொரு அட்மின் அக்கவுன்ட் தொடங்கி அதில் முயற்சிக்கலாம்.

6. டிரைவர். தி.நகர் ஆடிட்டர் ஆபீஸில் டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், பழைய டிடிபி சாஃப்ட்வேருக்கான பூட்டு டாங்கிள், பத்து வருஷ பிரின்டர்... எல்லாவற்றுக்கும் பொது விதி ஒன்றுதான்: 32-பிட் டிரைவர் 64-பிட் விண்டோஸில் ஏறாது. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கம்ப்யூட்டரை மாற்றுவது புத்திசாலித்தனம்.

தமிழ் டைப் பண்ண தனி சாஃப்ட்வேரே வேண்டுமா?

பலருக்கு வேண்டாம் என்பதுதான் பதில். தமிழ் 99, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகைகள் விண்டோஸ் 11-க்குள்ளேயே இருக்கின்றன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழிணையம் 99' மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு தரப்படுத்திய விசைப்பலகைதான் தமிழ் 99. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போய் தமிழைச் சேர்த்து, 'ஆட் எ கீபோர்டு' கொடுத்தால் போதும். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடிச்ச கைகளுக்கு மட்டும் இது போதாது. பழைய தட்டச்சு அமைப்பு விண்டோஸில் இல்லை. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச சாஃப்ட்வேர்களில் அது கிடைக்கும். அடையாறை அடுத்த கோட்டூர்புரத்தில் இயங்கும் தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகமும் எழுத்துருக்கள், 'கீழடி' விசைப்பலகை, 'தமிழி' ஒருங்குறி மாற்றி ஆகியவற்றைத் தருகிறது.

லதா, விஜயா எழுத்துருக்களில் செய்த வேர்டு ஃபைல் புது கம்ப்யூட்டரில் வேறு மாதிரி தெரிகிறதா? அவை இப்போது தானாக வருவதில்லை. 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பகுதியில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்று தேடி ஏற்றினால் இரண்டும் வந்துவிடும்.

வேறு எழுத்துருக்களை நீங்களே ஏற்றும்போது ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்க. வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால் எழுத்துரு அந்த ஒரு யூசருக்கு மட்டும் ஏறும். பழைய சாஃப்ட்வேர்கள் சிலவற்றின் கண்ணுக்கு அது தெரியாது.

சரி, பழைய ஃபைல்கள் என்ன ஆகும்?

நிஜமான நஷ்டம் வருவது இங்கேதான்.

யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த தமிழ் எழுத்துருக்கள் ஒரு தந்திரத்தில் ஓடின. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தெரிவது கம்ப்யூட்டருக்கு 'அம்மா' இல்லை. அது எம், கே, ஒரு செமிகோலன், மறுபடி கே, கடைசியில் ஹெச். பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். வானவில், டேப், டாம், டிஸ்கி என ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இடவரிசை. அதனால் ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் படிக்க முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டத்தான் 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு முன் செய்த ஃபைல்கள் தானாக மாறிவிடாது.

பேஜ்மேக்கரில் செய்த வேலைகளுக்கு இன்னொரு சிக்கல். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல். 2004-க்குப் பிறகு அடோபி அதை வளர்க்கவில்லை. அதன் ஃபைல்களை இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறந்தன. அதற்குப் பின் வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை.

அதனால் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடும்போதே இந்த 4 வேலைகளை முடிச்சிடுங்க:

1. எழுத்துருக்களை எடுத்து வைத்தல். சி டிரைவ், விண்டோஸ், ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களைத் தனி ஃபோல்டரில் காப்பி செய்யுங்க. இது இல்லாமல் ஃபைல் மட்டும் இருந்து பயனில்லை.

2. பிடிஎஃப் ஆக்குதல். முக்கியமான ஒவ்வொரு ஃபைலையும் எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆக மாற்றினால், எந்த கம்ப்யூட்டரிலும் அதே தோற்றத்தில் திறக்கும், அச்சடிக்கலாம்.

3. யூனிகோடுக்கு மாற்றுதல். மறுபடி திருத்த வேண்டிய எழுத்துகளை ஒருங்குறி மாற்றியில் போட்டு, வேர்டு ஃபைலாகச் சேமிக்கலாம். மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படித்தே ஆகணும். பழைய எழுத்துருவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே இடத்தில் இருப்பதால், நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்தாக உருமாறிவிடும். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் போட்ட 'பி.இ.' பட்டம் என்னவோ ஆகிவிட்டால், மண்டபத்தில்தான் தெரியவரும்!

4. இரண்டு இடத்தில் காப்பி. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க், இன்னொரு இடத்தில் மற்றொரு பிரதி.

இதெல்லாம் முடியும் முன் கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுத்து, "ஃபார்மட் பண்ணிடலாமா?" என்ற கேள்விக்கு 'சரி' என்று தலையாட்டிவிட வேண்டாம்.

பழைய சாஃப்ட்வேர் கட்டாயம் வேணும்னா?

வழி இருக்கிறது. ஆரக்கிளின் விர்ச்சுவல் பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு உள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது மாதிரி அது காட்டும். லைசென்ஸ் உள்ள பழைய 32-பிட் விண்டோஸை அதற்குள் போட்டால், 16-பிட் செட்டப் ஃபைலும் ஓட வாய்ப்பு உண்டு. அந்த உள் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு.

இன்னொரு வழி, பழைய கம்ப்யூட்டரையே நெட் இணைப்பு இல்லாமல் அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. நெட் இணைப்பு அவசியம் என்றால், 22எச்2 பதிப்பில் இருக்கும் விண்டோஸ் 10 வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் இருக்கிறது. செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் பேக்அப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கட்டாமலே அதில் சேரலாம்.

இதை மட்டும் செய்யவே செய்யாதீங்க

ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்வது. "முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்" என்று ஒரு டவுன்லோடு தளமே சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 'ஸ்டாப்' குடும்பத்து ரேன்சம்வேர் பரவியதே பெரும்பாலும் கிராக் செய்த சாஃப்ட்வேர்கள் வழியாகத்தான். உள்ளே வந்தால் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். எந்தப் பழைய வேலையைக் காப்பாற்ற அந்த சாஃப்ட்வேரைத் தேடினோமோ, அந்த வேலையே போய்விடும்.

'கஸ்டமர் கேர்' நம்பரைத் தேடி அழைப்பது. அடையாறில் தனியா இருக்கும் ஒரு பெரியவர், பிரின்டர் சாஃப்ட்வேர் ஏறலைன்னு தேடி, முதலில் வரும் எண்ணுக்கு போன் போடுகிறார்னு வைங்க. எதிர்முனையில் பேசுபவர் ரிமோட் ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொன்னால், அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டர் அவர் கையில் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் எரர் பெட்டிகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. பெட்டியில் நம்பர் வந்தால் அது போலி.

இந்த மோசடி எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம்: 2023 அக்டோபரில் 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் சிபிஐ நாடு முழுக்க 76 இடங்களில் சோதனை நடத்தியது. டெக் சப்போர்ட் என்று சொல்லி ஏமாற்றியதாக மைக்ரோசாஃப்ட், அமேசான் கொடுத்த புகார்களில் பதிவான வழக்குகளும் அதில் அடக்கம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் சொல்லுங்க. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதிவு செய்யலாம்.

சுருக்கமா சொன்னா...

இன்ஸ்டால் நின்றால் முதலில் பெட்டியை போட்டோ எடுங்க. ரீஸ்டார்ட் செய்து, இடம், அனுமதி, 'பிட்' வகை ஆகியவற்றைப் பாருங்க. 16-பிட் என்று தெரிந்துவிட்டால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த நேரத்தில் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்து, எழுத்துருவையும் ஃபைல்களையும் வெளியே எடுங்க. சாஃப்ட்வேருக்கு மாற்று இன்றைக்கு இலவசமாகவே கிடைக்கிறது. இருபது வருஷ வேலைக்கு மாற்று எங்கேயும் டவுன்லோடு செய்ய முடியாது.